18 வயசுப் பையனுக்கு 10 கோடி யூரோ கொடுக்கலாமா?

கால்பந்து பத்தி ஒரு நீண்ட த்ரெட். மருத்துவப் பதிவுன்னு நம்பி வந்தவங்களும் போயிடாதீங்க, பாதிக்கு மேல மருத்துவம்தான்.

ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் சீசன்லயும் என்கிட்ட வர்ற கேள்வி இது. 17, 18, 19 வயசுப் பையன்களை வாங்க ஐரோப்பிய கிளப்புகள் இவ்வளவு பணம் கொட்டுறது சரியா, பைத்தியக்காரத்தனமா?

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். கொடுக்கலாம். ஆனா அவ்வளவு விலை கொடுத்து வாங்கின பையனை, தேவைப்பட்டா ரெண்டு வருஷம் பெஞ்சுல உட்கார வைக்கத் தெம்பு இருக்கிற கிளப் மட்டும்தான் கொடுக்கணும். மத்த கிளப்புகள் கொடுக்கிற விலைக்கான வட்டியை அந்தப் பையனோட தொடைத் தசையும் முழங்காலும்தான் கட்டுது.

ஏன் இப்படிச் சொல்றேன்னு பார்ப்போம்.

2019 ஜூலை. போர்ச்சுகல்ல பென்ஃபிகா கிளப்புக்கு ஒரே ஒரு சீசன் முதல் அணியில ஆடியிருந்த ஜோவாவ் பெலிக்ஸை அட்லெட்டிகோ மாட்ரிட் வாங்குச்சு. வயசு 19. விலை 12.6 கோடி யூரோ. அன்னைய மதிப்புல ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பக்கம். அதே கோடையிலதான் கிரீஸ்மானை 12 கோடி யூரோவுக்கு பார்சிலோனா தூக்கிட்டுப் போயிருந்துச்சு. உலகக் கோப்பை ஜெயிச்ச, நல்லா விளைஞ்ச ஒரு வீரர் போன இடத்துல, அவரை விட அதிக விலைக்கு 19 வயசுப் பையன்.

அப்புறம் நடந்தது தெரியும். 2023 ஜனவரியில செல்சிக்குக் கடனா போனார். அடுத்த சீசன் பார்சிலோனாவுக்குக் கடன். 2024ல திரும்ப செல்சி, இந்தத் தடவை விலைக்கு. ஆறே மாசத்துல மிலனுக்குக் கடன். 2025ல சவுதியில அல் நஸ்ர். அப்போ அவருக்கு வயசு 25.

பெலிக்ஸ் மோசமான ஆட்டக்காரரான்னு கேட்டா, இல்லவே இல்ல. பந்து அவர் காலுக்கு வர்ற விதத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரு சீசன்ல தெரிஞ்ச திறமைக்கு பத்து வருஷத் திறமையோட விலையைக் கொடுத்தாங்க, அதுதான் நடந்தது.

இங்க கொஞ்சம் எங்க தொழில் பாஷையில பேசணும்.

இளம் திறமையைக் கண்டுபிடிக்கிறது ஒரு ஸ்கிரீனிங் டெஸ்ட் மாதிரி. அரிதான நோயைத் தேடி ஆயிரம் பேருக்கு டெஸ்ட் எடுக்கிறோம்னு வைங்க. உண்மையில நோய் இருக்கிறது 10 பேருக்கு. டெஸ்ட் ரொம்ப நல்ல டெஸ்ட், நோய் இருக்கிறவங்கள்ல 90 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவங்கள்ல 90 சதவீதத்துக்குச் சரியா "இல்லை"ன்னு சொல்லும். அப்போ 10ல 9 பேரைப் பிடிச்சிடும். ஆனா நோய் இல்லாத 990 பேர்ல 99 பேருக்கும் "பாசிட்டிவ்"னு வரும். மொத்தம் 108 பாசிட்டிவ், அதுல நிஜம் 9. நல்ல டெஸ்ட்தான், ஆனா பாசிட்டிவ்னு வந்த பன்னிரண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் நோய். தேடுற பொருள் அரிதா இருந்தா கணக்கு இப்படித்தான் வரும். டாக்டரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

அகாடமியில இருக்கிற ஆயிரம் பையன்ல உலகத் தரத்துக்கு வர்றவங்க எத்தனை பேர்? ஸ்கவுட்டோட கண்ணு எவ்வளவு கூர்மையா இருந்தாலும் தப்பான பாசிட்டிவ் வந்துக்கிட்டேதான் இருக்கும். 18 வயசுல முதல் அணிக்கு வந்துட்டா வடிகட்டினது போக மிச்சம் கம்மி, அதனால கணிப்பு கொஞ்சம் நம்பலாம். 22 வயசுல இன்னும் நம்பலாம். பிரச்சினை என்னன்னா, இப்போ சந்தையில 22 வயசு நம்பிக்கைக்கான விலையை 18 வயசு நம்பிக்கைக்குக் கேட்கிறாங்க.

இதுக்கு உலகத்துலயே அழகான உதாரணம் ரியல் மாட்ரிட். ஒரே கிளப், ஒரே நாடு, ஒரே யோசனை, மூணு பையன்கள்.

2017ல ஃப்ளமெங்கோவுல அப்பத்தான் முதல் அணிக்கு வந்திருந்த 16 வயசு வினிசியஸ் ஜூனியருக்கு 4.5 கோடி யூரோன்னு அறிவிச்சாங்க. அடுத்த வருஷம் சாண்டோஸ் கிளப்போட ரொட்ரிகோவுக்கும் 4.5 கோடி. 2020 ஜனவரியில ஃப்ளமெங்கோவோட ரெய்னியருக்கு 3 கோடி, வயசு 18.

வினிசியஸ் ரெண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில கோல் அடிச்சார், 2022லயும் 2024லயும். ரொட்ரிகோ 2022 அரையிறுதியில மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரா 90வது நிமிஷத்தை ஒட்டி அடுத்தடுத்து ரெண்டு கோல் போட்டு, செத்துப்போன ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தார் (நைட் டியூட்டியில மொபைல்ல பார்த்தேன், கத்த முடியாம வாயைப் பொத்திக்கிட்டது தனிக்கதை). ரெய்னியர்? டோர்ட்மண்ட், ஜிரோனா, ஃப்ரோசினோனே, கிரனாடான்னு கடனுக்குப் போய்க்கிட்டே இருந்தார். ரியல் மாட்ரிட் முதல் அணிக்கு ஒரு போட்டி கூட ஆடாமலே 2025ல பிரேசிலுக்குத் திரும்பிட்டார்.

மூணு பேரையும் தேர்ந்தெடுத்தது அதே கிளப்தான். ரெய்னியர் கணிப்புத் தப்பு, வினிசியஸ் கணிப்பு மேதைமைன்னு பேசறதுல அர்த்தமில்ல. மூணையும் சேர்த்து 12 கோடி யூரோ, அதுல ரெண்டு பலிச்சிருச்சு. ஒத்தைப் பெலிக்ஸோட விலையை விடக் கம்மி. ஒண்ணு பொய்த்தாலும் தாங்குற மாதிரி விலையைப் பிரிச்சு வச்சதுதான் அவங்க சாமர்த்தியம்.

இன்னொரு விஷயமும் முக்கியம். வினிசியஸ் வந்த உடனே சூப்பர் ஸ்டார் ஆகல. 2018ல வந்ததும் காஸ்டில்யாங்கிற ரெண்டாம் அணியில கூட ஆட விட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு மூணு சீசன் கோல் முன்னாடி சொதப்பினதுக்கு மீம் போட்டே ஜனங்க ஓட்டுனாங்க. 2021-22ல தான் வெடிச்சார். அந்த மூணு வருஷம் காத்திருக்க ரியலுக்கு முடிஞ்சது. மத்த நட்சத்திரங்கள் இருந்தாங்க, கையில பணம் இருந்தது.

இப்போ உடம்புக்கு வருவோம்.

18 வயசுப் பையன் பார்க்க ஆம்பளை மாதிரி இருப்பான். எக்ஸ்ரேல அப்படி இல்ல. எலும்பு முழுசா இறுகறது எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல நடக்கறதில்ல. உட்கார்ந்தா நாற்காலியில படுதே, அந்த இடுப்பு எலும்பு முனை, அங்கதான் தொடையோட பின்பக்கத் தசைகள் (ஹாம்ஸ்ட்ரிங்) ஒட்டியிருக்கு. அந்த முனை எலும்போட முழுசா சேர 20 வயசுக்கு மேல கூட ஆகலாம். வளர்ற பையன் திடீர்னு வேகமெடுக்கும்போது தசை கிழியாம அந்த எலும்புத் துண்டே பிஞ்சு வர்ற கேஸ் உண்டு.

எங்க ஓபிக்கும் வருவாங்க, 13, 14 வயசுப் பையன்கள். முட்டிக்குக் கீழ முன்பக்கம் வலியோட ஒரு மேடு. அம்மா முகம் வெளிறிப் போயிருக்கும், "கட்டியா டாக்டர்?"னு கேட்பாங்க. பெரும்பாலும் கட்டி இல்லம்மா, வளர்ற எலும்பைத் தசை இழுத்துக்கிட்டே இருக்கு, ஆஸ்குட் ஷ்லாட்டர்னு பேரு, கொஞ்ச நாள் ஓட்டத்தைக் குறைச்சா சரியாகும்னு சொன்னா பையன் உடனே கேட்பான், "ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு சார், அதுக்கப்புறம் குறைச்சுக்கவா?"

உலகத்துல எல்லாப் பையன்களும் இதைத்தான் கேட்பாங்க. நம்ம பையனுக்கு "வேணாம்"னு சொல்ல ஓபியில ஒரு டாக்டரும் வீட்ல ஒரு அம்மாவும் இருக்காங்க. 10 கோடி யூரோ பையனுக்கு அப்படிச் சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சம்பளம் கொடுக்கிறது, அவன் ஆடணும்னு எதிர்பார்க்கிற அதே கிளப்.

உஸ்மான் டெம்பெலே கதையைப் பாருங்க. 2016ல ரென் கிளப்ல இருந்து டோர்ட்மண்ட் 1.5 கோடி யூரோவுக்கு வாங்குச்சு. ஒரே வருஷம். 2017 ஆகஸ்ட்ல நெய்மாரை 22.2 கோடிக்கு பிஎஸ்ஜி தூக்கினதும் பார்சிலோனா கையில கட்டுக்கட்டா பணம். அது ஊருக்கே தெரியும். மூணு வாரத்துல டெம்பெலேவை 10.5 கோடி யூரோவும் மேல 4 கோடி வரைக்கும் போனஸும்னு வாங்குனாங்க. வயசு 20. கையில பணம் இருக்குன்னு எதிராளிக்குத் தெரிஞ்சே கடைக்குப் போனா என்ன விலை சொல்வாங்கன்னு கோயம்பேடு மார்க்கெட்ல காய் வாங்குற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

செப்டம்பர்ல கெட்டாஃபே அணிக்கு எதிரா, லீக்ல முதல் தடவையா தொடக்கத்துல இருந்து ஆடின போட்டி. பந்தைக் குதிகாலால தட்டப் போய் இடது தொடைப் பின்பக்கத் தசைநாண் அறுந்துச்சு. பின்லாந்துல ஆபரேஷன். 2018 ஜனவரி ஆரம்பத்துல திரும்ப வந்தார். பத்தே நாள்ல அதே காலில் மறுபடியும் தசைக் காயம். அதுக்கப்புறம் பார்சிலோனாவுல இருந்த காலம் முழுக்க இதே கதை.

ஒரு தகவல். ஐரோப்பாவோட பெரிய கிளப்புகள்ல காயங்களைப் பல வருஷமா பதிவு பண்ணிட்டு வர்ற யூஇஎஃப்ஏ ஆய்வுல, 2001-02 சீசன்ல மொத்தக் காயங்கள்ல 12 சதவீதமா இருந்த ஹாம்ஸ்ட்ரிங் காயம், 2021-22ல 24 சதவீதம். இரட்டிப்பு. ஆட்டம் வேகமாயிடுச்சு, போட்டிகள் கூடிடுச்சு. இதுல திரும்பத் திரும்ப வர்ற காயங்கள்ல பெரும்பகுதி, ஆட வந்த முதல் ரெண்டு மாசத்துக்குள்ளயே வருது. அந்த ரெண்டு மாசத்துல யாரை எத்தனை நிமிஷம் ஆட விடறோம்ங்கிறதுதான் சிகிச்சையே. மாத்திரை, ஊசி எல்லாம் அப்புறம்.

பெட்ரியும் இதே கதைதான், ஆனா விலை வேற. லாஸ் பால்மாஸ் கிளப்ல இருந்து அடிப்படை விலை வெறும் 50 லட்சம் யூரோவுக்கு வந்த பையன். 2020-21ல கிளப், யூரோ கோப்பை, உடனே டோக்கியோ ஒலிம்பிக்ஸ்னு 70 போட்டிகளுக்கு மேல. 18 வயசு. யூரோ அரையிறுதி ஜூலை 6, ஒலிம்பிக் முதல் போட்டி ஜூலை 22, ஒலிம்பிக் இறுதி ஆகஸ்ட் 7, அடுத்த வாரமே ஸ்பெயின் லீக் தொடக்கம். அடுத்த சீசன் தொடைத் தசைக் காயத்துலயே போச்சு.

"விலை கம்மிதானே, அப்புறம் ஏன் பிழிஞ்சாங்க? உங்க வாதம் அடிபடுதே"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. திறமையான பையனை எல்லாருமே பிழிவாங்க, விலை இருந்தாலும் இல்லாட்டியும். ஆனா பெட்ரி ஒரு சீசன் வீட்ல உட்கார்ந்தா யாரும் "50 லட்சம் வீண்"னு தலையங்கம் எழுத மாட்டாங்க. அவருக்குத் தேறி வர நேரம் கிடைச்சது, தேறியும் வந்தார். டெம்பெலே ஒவ்வொரு வாரம் வெளிய உட்கார்ந்தப்பவும் 10.5 கோடிங்கிற எண் அவர் பேரோட சேர்ந்தே அச்சாகிட்டு இருந்தது. அந்த எண் பயிற்சியாளர் காதுலயும் விழும், பையன் காதுலயும் விழும்.

விலையும் ஒப்பந்தமும் ஆட்ட நிமிஷத்தை மாத்துமான்னு சந்தேகம் இருந்தா 2022ல கிரீஸ்மானுக்கு நடந்ததைப் பாருங்க. பார்சிலோனாவுல இருந்து அட்லெட்டிகோவுக்குக் கடனா வந்திருந்தார். குறிப்பிட்ட அளவு போட்டிகள்ல 45 நிமிஷத்துக்கு மேல ஆடினா 4 கோடி யூரோ கொடுத்துக் கட்டாயம் வாங்கணும்னு ஒப்பந்தம். அட்லெட்டிகோ என்ன பண்ணுச்சு? மேட்சுக்கு மேட்சு 60வது நிமிஷத்துக்கு மேலதான் இறக்குனாங்க. அக்டோபர்ல விலையைப் பேசிக் குறைச்சதும் முழு ஆட்டம் ஆட ஆரம்பிச்சார். அவரு 31 வயசு அனுபவஸ்தர், சிரிச்சுக்கிட்டே கடந்தார். ஒரு கணக்கர் எழுதின வரியால ஒருத்தரை உட்கார வைக்க முடியும்னா, ஆட வைக்கவும் முடியும் இல்லையா?

மனசு பத்தியும் சொல்லணும். போஜன் கிர்கிச் 2007ல 17 வயசுல பார்சிலோனா முதல் அணிக்கு வந்தார், "அடுத்த மெஸ்ஸி"ங்கிற பட்டத்தோட. அடுத்த வருஷம் ஸ்பெயின் அணிக்குக் கூப்பிட்டாங்க, போகல. வெளிய சொன்ன காரணம் வயித்துக் கோளாறு. நிஜத்துல அது பதற்றத் தாக்குதல்னு பல வருஷம் கழிச்சு அவரே பேட்டியில சொன்னார். அவரை யாரும் விலை கொடுத்து வாங்கல, உள்ளூர்ல வளர்ந்த பிள்ளை. வெறும் எதிர்பார்ப்போட எடைக்கே அந்த நிலைமை. அதுக்கு மேல ஒரு விலைச்சீட்டையும் ஒட்டினா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

சரி, அப்போ விலையையே ஒழிச்சிடலாமா? இங்கதான் நான் பல நண்பர்களோட முரண்படறேன்.

டிரான்ஸ்ஃபர் தொகைதான் பெரிய கிளப்போட பணம் சின்ன கிளப்புக்கு இறங்கி வர்ற முக்கியமான வழி. ஃபிஃபாவுல ஒரு விதி இருக்கு. ஒரு வீரர் நாடு விட்டு நாடு விலைக்குப் போனா, அந்தத் தொகையில 5 சதவீதம், 12 வயசுல இருந்து 23 வயசு வரைக்கும் அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கணும். 12 முதல் 15 வரைக்கும் வருஷத்துக்குக் கால் சதவீதம், 16ல இருந்து அரை சதவீதம். டெம்பெலே வளர்ந்தது நார்மண்டியில எவ்ரூங்கிற ஊர், அப்புறம்தான் ரென் அகாடமி. 10.5 கோடிக்கு ஒரு பையன் விலை போனா, 12 வயசுல ஒரே ஒரு வருஷம் அவனை வச்சிருந்த ஊர் கிளப்புக்கும் இந்தக் கணக்குப்படி 2,62,500 யூரோ பங்கு. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து சம்பளமில்லாம கோச்சிங் கொடுக்கிற ஆட்கள் நடத்துற கிளப்புக்கு அது எவ்வளவு பெரிய காசு!

விலையே இல்லாம ஒப்பந்தம் முடிஞ்சு போனா இந்தப் பங்கும் பூஜ்யம். 2024ல எம்பாப்பே பிஎஸ்ஜியில இருந்து ரியலுக்கு இலவசமாத்தான் போனார். அவருக்கும் அவர் தரப்புக்கும் நல்ல லாபம். அவரைச் சின்ன வயசுல வளர்த்தவங்களுக்கு அந்தக் கைமாத்துல ஒண்ணும் இல்ல. அதனால "இவ்வளவு பணமா, அநியாயம்"னு மொத்தமா சாபம் விடறவங்க இந்தப் பக்கத்தையும் பார்க்கணும்.

இன்னொண்ணு, சில சமயம் பெரிய விலையும் பலிக்கும். 2003ல 18 வயசு ரொனால்டோவுக்கு மான்செஸ்டர் யுனைடெட் கொடுத்தது சுமார் 1.2 கோடி பவுண்டு, ஆறு வருஷம் கழிச்சு வித்தது 8 கோடிக்கு. அடுத்த வருஷம் 18 வயசு ரூனிக்கு அதை விட ரெண்டு மடங்குக்கு மேல கொடுத்தாங்க, கிளப் வரலாற்றுலயே அதிகமா 253 கோல் அடிச்சுட்டுப் போனார். எம்பாப்பேவுக்கு பிஎஸ்ஜி பேசின 18 கோடி யூரோவுக்கும் கோலா திருப்பிக் கொடுத்துட்டார். அதே யுனைடெட்தான் 2015ல 19 வயசு மார்சியாலை 3.6 கோடி பவுண்டுக்கு வாங்கி, ஒன்பது வருஷம் கழிச்சுச் சும்மா அனுப்புச்சு. ஸ்கிரீனிங் டெஸ்ட் கணக்கை மறுபடி ஞாபகப்படுத்திக்கோங்க.

கணக்குப் புத்தகத்துல நடக்கிற ஒரு கூத்தும் உண்டு. சுருக்கமா சொல்றேன். 10 கோடிக்கு ஒரு வீரரை வாங்கினா அந்தச் செலவை ஒப்பந்த வருஷங்களுக்குப் பிரிச்சு எழுதலாம். அஞ்சு வருஷம்னா வருஷத்துக்கு 2 கோடி, எட்டு வருஷம்னா ஒன்றே கால் கோடி. செல்சி இதைப் பிடிச்சுக்கிட்டு முட்ரிக் மாதிரி ஆட்களை எட்டரை வருஷ ஒப்பந்தத்துல எடுத்துச்சு. 2023ல யூஇஎஃப்ஏ விழிச்சுக்கிட்டு அஞ்சு வருஷத்துக்கு மேல பிரிக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. எட்டரை வருஷம்! பி.ஜி. முடிச்ச எங்க நண்பர்கள் ரெண்டு வருஷ பாண்டுக்கே புலம்புறாங்க.

இன்னும் கொடுமை, சொந்த அகாடமியில வளர்ந்த பையனை வித்தா புத்தகத்துல அது முழுக்க லாபம், ஏன்னா அவனை வாங்கின செலவுன்னு எதுவும் இல்ல. அதனால அடுத்தவன் வீட்டுப் பையனை வாங்கறதுக்காக, எட்டு வயசுல இருந்து தன் வீட்ல வளர்ந்த பையனை விக்கிற வியாபாரம் நடக்குது. செல்சி மேசன் மவுண்ட்டை வித்துச்சு, கேலஹரை வித்துச்சு.

வாங்கறதுக்கு முன்னாடி மெடிக்கல் பார்க்கிறாங்களேன்னு ஒரு கேள்வி வரும். பார்க்கிறாங்க. எம்ஆர்ஐ, இதய எக்கோ எல்லாம் எடுப்பாங்க. தினமும் பிட்னஸ் சர்ட்டிபிகேட்ல கையெழுத்துப் போடறவன்ங்கிற முறையில சொல்றேன், அந்தக் காகிதம் இன்னைக்கு என்ன இருக்குன்னுதான் சொல்லும். நாலு வருஷம் கழிச்சு முட்டி எப்படி இருக்கும்னு சொல்ற மெஷின் இன்னும் வரல. 2000ல வான் நிஸ்டல்ராய் முழங்கால்ல சந்தேகம்னு யுனைடெட் டாக்டர்கள் நிறுத்தினாங்க. அப்படி நிறுத்தின உடனே பயிற்சியில அந்தத் தசைநார் அறுந்தே போச்சு. ஃபெர்குசன் ஒரு வருஷம் காத்திருந்து, தேறினதும் 1.9 கோடி பவுண்டு கொடுத்து வாங்கினார். 150 கோல் கிடைச்சது. டாக்டர் பேச்சைக் கேட்டதும், காத்திருந்ததும், விலை கொடுத்ததும் மூணும் ஒண்ணா நடந்த அபூர்வமான கேஸ்.

டாக்டர் பேச்சைக் கேட்காத கேஸும் இருக்கு. 2015 ஆகஸ்ட், செல்சி டாக்டர் ஈவா கார்னீரோ. கடைசி நிமிஷத்துல கீழ விழுந்த ஹசார்டைப் பார்க்க, ரெஃப்ரி கூப்பிட்டதால மைதானத்துக்குள்ள ஓடினார். விதிப்படி சிகிச்சை வாங்கின வீரர் வெளிய போயிட்டுத்தான் வரணும், அணியில ஒரு ஆள் குறைஞ்சது. மொரினோ பகிரங்கமா கடிஞ்சுக்கிட்டார், அவரை ஒதுக்குனாங்க, வேலையை விட்டார், தீர்ப்பாயம் வரைக்கும் போய் 2016ல கிளப் மன்னிப்புக் கேட்டு சமரசம் பண்ணுச்சு. கீழ விழுந்தவனைப் பார்க்க ஓடினதுக்கு! கிளப் டாக்டருக்கு எவ்வளவு குரல் இருக்குன்னு இதுல இருந்தே புரிஞ்சுக்கலாம்.

என்ன பண்ணலாம்னா, விலைக்கு உச்சவரம்பு வைக்கிறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. வேற பேர்ல பணம் போகும், ஏஜென்ட் கமிஷன்னு, கையெழுத்து போனஸ்னு. அதுக்குப் பதிலா தொகையைப் பையனோட வயசோட கட்டலாம். 18ல ஒரு பங்கு, அவன் 21 வயசுல இன்னும் அங்க இருந்தா ஒரு பங்கு, 23ல ஒரு பங்கு. எத்தனை போட்டி ஆடினான்ங்கிறதை வச்சு மட்டும் போனஸ் எழுதக் கூடாது. அப்படி எழுதினா விக்கிற கிளப்புக்கு அவன் ஆடணும், வாங்கின கிளப்புக்கு அவன் ஆடக் கூடாது, நடுவுல பையன்.

21 வயசுக்குள்ள ஒரு சீசனுக்கு இத்தனை நிமிஷம்தான்னு வரம்பு வேணும், கிளப் ஆட்டம், நாட்டு ஆட்டம் ரெண்டையும் சேர்த்து. வருஷத்துல தொடர்ச்சியா நாலு வாரம் முழு ஓய்வு. இதை வீரர்களோட சங்கமான ஃபிஃப்ப்ரோ ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கு. அப்புறம் 21 வயசுக்குக் கீழ உள்ளவங்க காயத்துல இருந்து திரும்பலாமான்னு கையெழுத்துப் போடறவர் கிளப்கிட்ட சம்பளம் வாங்காத டாக்டரா இருக்கணும். இது நடக்கவே நடக்காதுன்னு சொல்லுவாங்க. 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களை நாடு விட்டு நாடு வாங்க ஃபிஃபா தடை வச்சப்பவும் பெரிய கிளப்புகள் அலட்சியமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பார்சிலோனா, ரியல், அட்லெட்டிகோ, செல்சின்னு வரிசையா வீரர்களைச் சேர்க்கத் தடை வாங்குனாங்க. வினிசியஸை 16ல பேசி முடிச்சும் 18 ஆகிற வரைக்கும் பிரேசில்லயே விட வேண்டி வந்தது அந்த விதியாலதான். அவருக்கு அது நல்லதாவே முடிஞ்சது.

டெம்பெலே விஷயத்தைப் பாதியில விட்டுட்டேன். 2023ல பார்சிலோனா அவரைக் கொடுத்த விலையில பாதிக்கு பிஎஸ்ஜிக்கு வித்துச்சு. 2025ல பிஎஸ்ஜிக்காக சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சு, பலோன் டோர் வாங்கினார், வயசு 28. ஆக 2017ல பார்சிலோனா ஸ்கவுட் பார்த்தது பொய் இல்ல. எட்டு வருஷம் முன்கூட்டியே விலை கொடுத்து, பலன் வேற ஊர்ல போய்ச் சேர்ந்துச்சு. நடுவுல அந்தக் கடன் சுமையில கிளப் மெஸ்ஸியையே வச்சுக்க முடியாம அனுப்புச்சு.

கடைசியா, லமின் யமால் பத்தி எப்படியும் கேட்பீங்க. விலை கொடுக்காம வீட்லயே வளர்ந்த பையன், 15 வயசுல முதல் அணி, 17வது பிறந்தநாளுக்கு மறுநாள் யூரோ இறுதிப் போட்டி. விலை இல்லைன்னு சொன்னாலும் ஒப்பந்தத்துல 100 கோடி யூரோ விடுவிப்புத் தொகை இருக்கு. இதே தொகையும் இதே 10ம் நம்பர் ஜெர்சியும் 2021ல அன்சு ஃபாட்டிக்கும் கொடுத்தாங்க, இடது முழங்கால் சவ்வு கிழிஞ்சு பத்து மாசம் கழிச்சுத் திரும்பின பையனுக்கு. ஃபாட்டி 2025ல மொனாக்கோவுக்குக் கடனா போனார்.

2025 செப்டம்பர்ல யமாலுக்கு இடுப்படியில வலி. வலி மாத்திரை போட்டு நாட்டுக்காக ஆட வச்சாங்கன்னு பார்சிலோனா பயிற்சியாளர் ஃப்ளிக் பகிரங்கமா குற்றம் சொன்னார். நவம்பர்ல கிளப் தரப்புல சிகிச்சை எடுத்துட்டு வந்தப்போ, எங்களுக்குத் தெரியாம எப்படின்னு ஸ்பெயின் சம்மேளனம் கோவிச்சுக்கிட்டு அணியில இருந்து விடுவிச்சுது. ரெண்டு பக்கமும் டாக்டர்கள் இருக்காங்க, ரெண்டு பக்கமும் ரிப்போர்ட் இருக்கு, பையனுக்கு வயசு 18.

அந்த இடுப்படி வலி, பியூபால்ஜியான்னு சொல்றது, நம்ம ஊர்ல கபடி, கால்பந்து ஆடற பசங்களுக்கும் வர்றதுதான். குடலிறக்கம்னு தப்பா நினைச்சு ஓபிக்கு வர்றவங்க உண்டு. அதைத் தனியா எழுதறேன். இப்போ டியூட்டிக்கு நேரமாச்சு.